முதல் மாணவி

வானவடியில் ஒரு கண் மருத்துவமனை. அதன் வரவேற்பு மேசையில் ஜெனிபர் உட்கார ஆரம்பித்துப் பதினைந்து வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. டாக்டர் மாறினார், மேசை மாறியது, சுவரில் இருந்த பெரிய கண் படம்கூட மாறியது. ஜெனிபர் மாறவில்லை. டோக்கன் கொடுப்பாள், பெயர் கூப்பிடுவாள், கண்ணில் சொட்டு மருந்தோடு காத்திருப்பவர்களிடம் "கண்ணைத் திறக்காதீர்கள்" என்று மராத்தியில் அதட்டுவாள். தமிழ்க் குடும்பம் ஏதாவது உள்ளே வந்துவிட்டால் மட்டும் அவளுக்கு இன்னொரு வேலை தானாக வந்து சேரும். டாக்டர் சொல்வதைத் தமிழில் சொல்லி, இவர்கள் சொல்வதை டாக்டருக்கு மராத்தியில் சொல்லி, வெளியே போய் ஆட்டோக்காரரிடம் வழியும் சொல்லி அனுப்புவாள். அதற்குச் சம்பளம் கிடையாது. அவளுக்கு அதில்தான் சந்தோஷம்.

வேலூர்ப் பக்கத்திலிருந்து வெடிமருந்துத் தொழிற்சாலை வேலைக்காகப் புனே வந்த குடும்பம் அவளுடையது. இப்போது ஏரவாடாவில், கணவன் டேனியலோடு ஒரு சின்ன வீட்டில் இருக்கிறாள். டேனியலும் தொழிற்சாலைக்காரன்தான். வீட்டில் பேசுவது தமிழ். அந்தத் தமிழில் காய்கறி பாஜியாக இருக்கும், மருந்து தவாவாக இருக்கும், கொஞ்சம் என்பது ஜராவாக இருக்கும். அவள் இருக்கும் தெருவில் இதை யாரும் விசித்திரமாகப் பார்த்ததில்லை. அங்கே எல்லாரும் அப்படித்தான் பேசுவார்கள். தமிழ் எழுத்துதான் தகராறு. பள்ளிக்கூடத்தில் படித்தது ஹிந்தியும் மராத்தியும். சர்ச்சில் பாட்டுப் புத்தகத்தை வைத்துக்கொண்டு எழுத்துக்கூட்டிப் படிக்கும் அளவுக்குத் தமிழ் வரும், அதற்கு மேல் வராது.

பன்னிரண்டாவது முடித்ததும் டீச்சர் பயிற்சிக்குப் போக வேண்டும் என்று அவள் அழாத குறையாகக் கேட்டாள். வீட்டில் அதற்குள் டேனியலுக்குப் பேசி முடித்துவிட்டார்கள். டேனியல் நல்லவன், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் யாராவது எங்கேயாவது "டீச்சர்" என்று கூப்பிட்டால் இன்றைக்கும் அவள் தலை தானாகத் திரும்பும். நாற்பது வயது தாண்டிய பெண்ணுக்கு இது கொஞ்சம் அதிகம்தான் என்று அவளே சொல்லிச் சிரிப்பாள்.

விசாலாக்ஷியை அவள் முதலில் பார்த்தது மருத்துவமனை வாசலில். கணவருக்கு பேங்க்கில் மாற்றலாகி, ஸ்ரீரங்கத்திலிருந்து வானவடி அடுக்குமாடிக் குடியிருப்புக்கு வந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. ஆட்டோக்காரரிடம் ஊமை ஜாடையில் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். ஜெனிபர் ஓடிப்போய் நடுவில் புகுந்து நாலு வார்த்தை மராத்தியில் பேச, ஆட்டோக்காரர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். விசாலாக்ஷி அவள் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. "நீ மட்டும் வரலேன்னா நான் அழுதுருப்பேன்டியம்மா. இந்த ஊர்ல பாலுக்கும் பேச முடியல, பாத்திரம் தேய்க்கறவகிட்டயும் பேச முடியல. எனக்குக் கத்துக்குடேன்" என்றாள்.

அப்படித்தான் ஆரம்பித்தது. தமிழ் வழியாக மராத்தி. கடைக்கு, ஆஸ்பத்திரிக்கு, வீட்டு வேலைக்கு வருகிறவர்களிடம் பேச எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு. ஜெனிபர் அன்று இரவு முழுக்க மனசுக்குள் பாடம் நடத்தினாள்.

மருத்துவமனையிலேயே கண்ணாடி விற்கும் கவுன்ட்டரில் சுனில் இருந்தான். அவன் போன வருஷம்தான் கிடார் சொல்லிக்கொடுக்கும் வெப்சைட் ஒன்றைத் தானே செய்து வைத்திருந்தான். தனக்கும் மராத்தி சொல்லிக்கொடுக்க அப்படி ஒன்று வேண்டும் என்று ஜெனிபர் தயங்கித் தயங்கிச் சொன்னதும், "தாயீ, கோடிங் பீடிங் காஹி நகோ" என்று ஒரே அடியாக அடித்துவிட்டான். அக்கா, கோடிங்கும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம், கட்டங்கள் எல்லாம் தயாராக இருக்கும், பிடித்து இழுத்து எங்கே வேண்டுமோ அங்கே வைத்தால் போதும் என்றான். கேட்க எவ்வளவு சுலபம்! முதல் ஞாயிற்றுக்கிழமை ஜெனிபர் ஒரு படத்தைப் பிடித்து இழுத்தாள், பக்கத்தில் இருந்த எழுத்தெல்லாம் சேர்ந்து கீழே போய் விழுந்தது. எழுத்தை மேலே தூக்கினாள், படம் காணாமல் போனது. டேனியல் எட்டிப் பார்த்து, "என்னா ஜெனி, வீடு மாத்தறியா?" என்று கேட்டுவிட்டு அடி வாங்காமல் தப்பித்தான்.

சுனில் சொன்ன அந்தத் தயார்ப் பக்கத்தில் ஏற்கெனவே ஒரு வெள்ளைக்காரப் பெண் லேப்டாப்போடு சிரித்துக்கொண்டிருந்தாள். அவளை எப்படி எடுப்பது என்று தெரியாமல் பல நாள் அவளே ஜெனிபரின் வெப்சைட்டில் டீச்சராக இருந்தாள். பக்கத்து வீட்டு பார்வதி போனில் அதைப் பார்த்துவிட்டு, "இது யாரு, டேனியலோட சொந்தமா?" என்று கேட்டாள். ஒரு வழியாக அந்த அம்மாவை அனுப்பிவிட்டு, ஜெனிபர் தன் படத்தை அங்கே வைத்தாள். ஈஸ்டருக்கு எடுத்த படம், நீலப் புடவை. அதற்குக் கீழே 'டீச்சர்' என்று ஒரு வார்த்தை. அந்த ஒரு வார்த்தையைப் பார்க்க அவள் அன்று எத்தனை தடவை அந்தப் பக்கத்தைத் திறந்தாள் என்பதைக் கேட்காமல் விட்டுவிடலாம்.

வீடியோ எடுப்பது ஞாயிறு மதியம். மின்விசிறியை நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் அது பாடத்துக்கு மேல் தானும் பேசும். பக்கத்து வீட்டில் குக்கர் விசில் அடித்து முடியும்வரை காத்திருக்க வேண்டும். வேர்த்து ஊற்ற, போனைப் பார்த்து அவள் பேசுவாள். "பாஜிவாலா வந்தா என்னா கேக்கணும்? 'பாஜி கஷி தில்லி' கேக்கணும், பாஜி என்னா வெலன்னு அர்த்தம். ஜரா சிரிச்சிகினு கேளுங்கோ, அப்பதான் வெல கொறைப்பான்." பேசுவதற்கு அவள் எழுதி வைத்துக்கொள்ளவே இல்லை. பதினைந்து வருஷமாக வரவேற்பு மேசையில் பேசினதுதானே, தடையில்லாமல் வந்தது.

பயம் ஒன்றே ஒன்றில்தான் இருந்தது, அவளுடைய தமிழில். படிக்கப் போகிறவர்கள் ஊரிலிருந்து வந்தவர்கள். அவர்கள் காதுக்குத் தன் பேச்சு எப்படி இருக்கும்? எடுத்த முதல் பாடத்தை விசாலாக்ஷிக்கு அனுப்பிவிட்டு, தேர்வு முடிவுக்குக் காத்திருக்கும் பிள்ளை போல அன்று முழுக்க போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். சாயங்காலம் பொறுக்காமல் ஜெனிபரே கூப்பிட்டாள்.

"அக்கா, நெஜமா சொல்லுங்கோ. என் தமிழ் நல்லால்லனா சொல்லிடுங்கோ. நான் வேற யாரையாவது பேச வெச்சிக்கிறேன், நான் பின்னால இருந்துக்கிறேன். யாரும் சிரிக்கக் கூடாது, அவ்ளோதான்."

"போடி பைத்தியம்" என்றாள் விசாலாக்ஷி. "உன் தமிழ்ல ஒரு அழகு இருக்கு. அப்படியே மனசுல வந்து ஒட்டிக்கறது. ஒரு வார்த்தையை மாத்தினே, எனக்குக் கெட்ட கோபம் வரும்."

ஜெனிபருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அந்தப் பேச்சு இல்லாவிட்டால் அந்த வெப்சைட் வெளியே வந்திருக்காது. முகப்பில் எழுத வேண்டிய தமிழையும் விசாலாக்ஷியே திருத்திக் கொடுத்தாள். 'வாங்க மராத்தி பேசலாம்' என்று பெயர் வைத்ததும் அவள்தான். ஜெனிபர் சும்மாவே படிக்கச் சொன்னபோது, "குருதட்சிணை குடுக்காம படிக்கக் கூடாது" என்று கட்டணத்தைக் கட்டிவிட்டுத்தான் சேர்ந்தாள். இப்படி ஒரு முதல் மாணவி யாருக்குக் கிடைப்பாள்? நவராத்திரிக்குக் கொலு பார்க்கக் கூப்பிட்டாள், சுண்டல் கட்டிக் கொடுத்தாள். கூடப் பிறந்த அக்கா இல்லாத ஜெனிபர், அக்கா கிடைத்துவிட்டதாகவே நம்பினாள்.

வேறு சிலரும் சேர்ந்தார்கள். சாங்வியிலிருந்து ஒருவர், மருத்துவமனைக்கு வந்த ஒரு ராணுவக் குடும்பத்துப் பெண், இன்னும் கொஞ்சம் பேர். ஆனால் அந்த வெப்சைட்டுக்குப் பின்னால் டீச்சருக்கு மட்டும் தெரிகிற ஒரு பக்கம் உண்டு. யார் எந்தப் பாடத்தைப் பார்த்தார்கள், எங்கே நிறுத்தினார்கள், எதைத் திரும்பப் போட்டார்கள் என்று அது ஒளிக்காமல் காட்டும். மற்றவர்கள் இரண்டு பாடத்தோடு நின்றுபோயிருந்தார்கள். விசாலாக்ஷி பெயருக்கு எதிரே இருந்த பச்சைக் கோடு மட்டும் முழுசாக ஓடியது. ஒரே பாடத்தை ஆறு தடவை, ஏழு தடவை பார்த்திருப்பாள். ஒரு வாக்கியத்தில் நிறுத்தி, பின்னால் போய், மறுபடி நிறுத்தி, மறுபடி பின்னால் போயிருப்பாள். ஜெனிபருக்குத் தலைகால் புரியவில்லை. "பாருய்யா, எப்படிப் படிக்கிறாங்க" என்று டேனியலிடம் காட்டுவாள். "ஒனக்கு இத்தன வருஷமா சொல்லியும் 'உத்யா யேணார் கா'ன்னு ஒழுங்கா கேக்க வரல."

நாள்பட நாள்பட அவள் அந்தப் பச்சைக் கோட்டுக்கே பாடம் நடத்த ஆரம்பித்தாள். வேலைக்கு வரும் பெண்ணிடம் நாளைக்கு வருவாயா என்று கேட்கும் அந்த 'உத்யா யேணார் கா'வில் விசாலாக்ஷி பல தடவை நின்றால், அக்காவுக்கு வேலைக்காரப் பெண்ணோடு தகராறு போலிருக்கிறது என்று முடிவு கட்டி, அடுத்த வாரம் அதைப் பற்றியே இன்னொரு பாடம். காஸ் சிலிண்டரில் நின்றால் சிலிண்டருக்கு ஒரு பாடம். ஒரு பெண்ணின் வாழ்க்கையையே அவள் அந்தக் கோட்டிலிருந்து படித்தாள். எவ்வளவு அன்பு, எவ்வளவு தப்பு!

பிறகு ஆஸ்பத்திரிப் பாடம் வந்தது. காய்ச்சல், இருமல் எல்லாவற்றையும் விசாலாக்ஷி ஒரு தடவையில் தாண்டிவிட்டாள். நெஞ்சு வலிக்கிறது என்று சொல்லும் 'சாதீத் துக்தய்' வந்ததும் நின்றாள். திரும்பப் போட்டாள். மறுநாளும் அதையே போட்டாள். அடுத்து 'சக்கர் யேதே', தலை சுற்றுகிறது. அதிலும் அப்படியே. ஜெனிபர் போனை எடுத்துப் போய் டேனியலிடம் காட்டினாள்.

"போன் பண்ணிக் கேளேன்" என்றான் டேனியல்.

"கேட்டேன். ஒண்ணுமில்லேன்றாங்க. பெரிய எடத்துப் பொம்பளைங்க ஒடம்பு விஷயத்த வெளிய சொல்ல மாட்டாங்க. புருஷனுக்கே சொல்லியிருக்க மாட்டாங்க, பாரு."

அந்த ஞாயிறு அவள் ஒரு தனிப் பாடம் எடுத்தாள். போனைப் பார்த்துப் பேசினாள். "இந்தப் பாடம் என் அக்கா ஒருத்தங்களுக்காக. அக்கா, பயப்படாதீங்கோ. டாக்டர்கிட்ட மறைக்காதீங்கோ. ஜரா தண்ணி குடிச்சிட்டு, ஒக்காந்து, மெள்ள சொல்லுங்கோ. சாதீத் துக்தய். ஒங்களுக்கு ஒண்ணும் ஆவாது, நான் கூட இருக்கேன்." நாலு நாளில் அந்தப் பாடத்தைச் சுற்றியும் பச்சைக் கோடு ஓடி ஓடி வந்தது.

டாக்டர் வெளியூர் போயிருந்த ஒரு மதியம், மருத்துவமனை சீக்கிரம் மூடியது. ஜெனிபர் நேரே பழக்கடைக்குப் போனாள். சமைத்து எடுத்துப் போகலாம்தான், அக்கா வீட்டில் அது சங்கடமாக இருக்குமோ என்று யோசித்துப் பழமே வாங்கினாள். சாத்துக்குடியும் மாதுளையும், ஒவ்வொன்றாகப் பொறுக்கி. சொல்லாமல் போனால்தான் உண்மை தெரியும் என்று போனும் பண்ணவில்லை.

லிஃப்ட்டிலிருந்து வெளியே வந்தவள் அப்படியே நின்றாள். விசாலாக்ஷியின் வீட்டு வாசலில் செருப்பு குவிந்து கிடந்தது. கதவு பாதி திறந்திருந்தது. பகல் நேரத்தில் ஒரு வீட்டு வாசலில் அவ்வளவு செருப்பு எதற்காகக் கிடக்கும் என்று ஜெனிபருக்குத் தெரிந்த காரணம் ஒன்றுதான். நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள். பழப்பை கதவில் இடித்தது. 'ஏசப்பா, நான் முன்னாலயே வந்திருக்கணும்' என்று முணுமுணுத்துக்கொண்டே செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தாள்.

உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்டது.

கூடம் நிறையப் பெண்கள். சோபாவிலும் தரையிலும் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்திருந்தார்கள். எதிரே சுவர் அகலத்துக்கு டிவி. அதில் ஜெனிபர், அதே நீலப் புடவையில், வாயசைத்துக்கொண்டிருந்தாள். சத்தம் வரவில்லை. டிவிக்குப் பக்கத்தில் ரிமோட்டோடு விசாலாக்ஷி நின்றாள். கன்னம் பளபளவென்று, நோய் நொடி எதுவும் இல்லாமல் நின்றாள். டிவியில் வாயசைத்த ஜெனிபரை விசாலாக்ஷி நிறுத்திவிட்டு, "எல்லாரும் சொல்லுங்கோ, சாதீத் துக்தய். நெஞ்சு வலிக்கறதுன்னு அர்த்தம்" என்றாள். எல்லாரும் சொன்னார்கள். ரிமோட்டை அழுத்திப் பின்னால் போனாள். மறுபடி சொன்னார்கள். ஒவ்வொரு தடவை பின்னால் போனதற்கும் அர்த்தம் இப்போது ஜெனிபருக்குப் புரிந்தது.

"டீச்சர்" என்று ஒருத்தி கூப்பிட்டாள். ஜெனிபரின் தலை நிமிர்ந்தது. கூப்பிட்டது அவளை இல்லை. "டீச்சர், ஒரே ஒரு தடவ சவுண்டோட போடுங்களேன். போன வாரம் போட்டீங்கல்ல, அந்த மாதிரி. சிரிச்சு ஒரு வாரமாச்சு."

"போறும், பாவம்" என்றாள் விசாலாக்ஷி. ஆனால் போட்டாள்.

"அக்கா, பயப்படாதீங்கோ" என்றது டிவி. "ஜரா தண்ணி குடிச்சிட்டு..." கூடம் குலுங்கியது. "ஜராவாம் ஜரா!" என்று ஒருத்தி கையை ஆட்டிக் காட்டினாள். "மெள்ள சொல்லுங்கோ. ஒங்களுக்கு ஒண்ணும் ஆவாது, நான் கூட இருக்கேன்." தரையில் இருந்தவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள், சிரித்துச் சிரித்து. விசாலாக்ஷியும் சிரித்தாள். வாயைக் கையால் மூடிக்கொண்டு, தோள் குலுங்க, நன்றாகச் சிரித்தாள். ஜெனிபர் அதைப் பார்த்தாள். மற்றவர்கள் சிரித்ததை அவள் ஒரு நாள் மறந்துவிடலாம். இவள் சிரித்ததை எப்படி மறப்பாள்?

முதலில் அவளைக் கவனித்தது ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த இளம்பெண். "டீச்சர், இவங்கதானே அது?" என்று டிவியையும் வாசலையும் மாறி மாறிக் காட்டினாள். விசாலாக்ஷி முகத்தில் ஈயாடவில்லை. அது ஒரு கணம்தான். அடுத்த கணம் அவள் சுதாரித்துக்கொண்டாள், அதுதான் கொடுமை.

"அடடே ஜெனி! வா வா. இவதான் வீடியோல வர்றவ. பாடமெல்லாம் நான் யோசிச்சுச் சொல்லுவேன், இவ அதைப் பேசி எடுத்து அனுப்புவா. நல்ல பொண்ணு."

ஒருத்தி கை கூப்பினாள். இன்னொருத்தி, "நல்லா நடிக்கிறீங்க" என்றாள், மனப்பூர்வமாகவே. விசாலாக்ஷி ஜெனிபரின் தோளைப் பிடித்துச் சமையலறைக்குள் கூட்டிப் போனாள்.

"என்னடி இது, ஒரு போன் பண்ணிட்டு வரப்படாதா?"

"ஒங்களுக்கு ஒடம்பு சரியில்லேன்னு நெனச்சேன்" என்றாள் ஜெனிபர். "நெஞ்சு வலின்னு..."

"எனக்கா? எனக்கென்ன கேடு?"

ஜெனிபர் பழப்பையை மேடையில் வைத்தாள். சின்னக் குரலில் கேட்டாள். "சவுண்ட ஏன் நிறுத்தினீங்கோ?"

விசாலாக்ஷி பெருமூச்சு விட்டாள். குழந்தைக்கு விளங்க வைக்கிறவள் போல அவள் கையைத் தன் கையில் எடுத்துக்கொண்டாள். "தப்பா எடுத்துக்காதே. உன் மராத்தி ஏ ஒன். ஆனா உன் தமிழ் இருக்கே, இவா எல்லாம் ஊர்ல இருந்து வந்தவா. முதல் நாள் போட்டேன், ஒரே சிரிப்பு. எனக்கே ஒரு மாதிரி ஆயிடுத்து. உன்னைப் பாத்து யாரும் சிரிக்கப்படாதுன்னுதான் நிறுத்திட்டு நானே சொல்லிக்குடுக்கறேன். உனக்கு நல்லதுதானே பண்றேன்?"

"நான் கேட்டேனே அக்கா. மொத நாளே கேட்டேன். நல்லால்லனா சொல்லுங்கோன்னு கேட்டேனே. ஒரு வார்த்தைகூட மாத்தாதேன்னு சொன்னீங்களே."

"மூஞ்சிக்கு நேரா எப்படிடி சொல்றது? நீ எவ்வளவு ஆசையா கேட்டே! மனசு நோகப்படாதேன்னு சொன்னேன். அதுல என்ன தப்பு?" கூடத்திலிருந்து யாரோ, "டீச்சர், அடுத்தது போடலாமா?" என்று குரல் கொடுத்தார்கள். "இதோ வந்துட்டேன்" என்றாள் விசாலாக்ஷி, அவ்வளவு இயல்பாக. பிறகு ஜெனிபரிடம் திரும்பி, "காபி சாப்பிடறியா?" என்று கேட்டாள்.

ஜெனிபர் காபி சாப்பிடவில்லை. அந்தச் செருப்புக் குவியலில் தன் செருப்பைத் தேடி எடுத்துக்கொண்டு இறங்கினாள். ஏரவாடா வரைக்கும் ஸ்கூட்டரை எப்படி ஓட்டினாள் என்று அவளுக்கே தெரியாது. சிக்னலில் பின்னால் ஹாரன் அடித்தார்கள். கிடைக்க வேண்டிய கட்டணம் போனதெல்லாம் அவள் மனசில் வரவே இல்லை. ஒருத்தி கட்டிய கட்டணத்தில் ஒரு கூட்டமே பார்த்திருந்தாலும், கேட்டிருந்தால் சந்தோஷமாகச் சும்மாவே கொடுத்திருப்பாள். டீச்சர் என்ற பெயரை எடுத்துக்கொண்டதைக்கூட எப்படியாவது விழுங்கியிருப்பாள். தனக்கு எது பயமோ அதை நம்பி ஒருத்தியிடம் மட்டும் சொன்னாள். அந்த ஒருத்தி "அழகு" என்று சொல்லிவிட்டு, அதையே எடுத்துப் போய்க் கூடத்தில் வைத்துச் சிரித்திருக்கிறாள். முன்பே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முதல் நாளோடு போயிருக்கும். வாராவாரம் அன்பாகப் பேசிப் பேசி அவர்கள் சிரிப்பதற்குப் புதுசு புதுசாக அவளே அனுப்பியிருக்கிறாள். இதற்கு அவள் வயிறு எரிந்தது. எரியாமல் என்ன செய்யும்?

டேனியலிடம் நடந்ததைச் சொன்னாள். சிரித்ததை மட்டும் சொல்லவில்லை. அவன் கொதித்துப் போய், "நான் போய்க் கேக்கறேன்" என்று கிளம்பினான். "விடு" என்று தடுத்துவிட்டாள்.

அதற்குப் பிறகும் அவளால் விசாலாக்ஷியின் பெயரை வெப்சைட்டிலிருந்து எடுக்க முடியவில்லை. டீச்சர் பக்கத்தைத் திறப்பாள், அந்தப் பெயருக்குப் பக்கத்தில் 'நீக்கு' என்ற பொத்தான் இருக்கும், பார்த்துவிட்டு மூடுவாள். ஏதோ ஒரு நாள் அக்கா கூப்பிட்டு, 'ஜெனி, தெரியாமப் பண்ணிட்டேன்' என்று சொல்லிவிடுவாள் என்று உள்ளே ஒரு மூலையில் காத்திருந்தாள் போலும். அவ்வளவு சுலபமாக அக்காவை விட்டுவிட முடியுமா?

விசாலாக்ஷியிடமிருந்து செய்தி வந்தது. ஜெனிபர் அவசரமாகத் திறந்து, எழுத்துக்கூட்டிப் படித்தாள். 'ஜெனி, இந்த வாரப் பாடம் இன்னும் வரலையே? லேடீஸ் எல்லாம் கேக்கறா. சீக்கிரம் போடு. அடுத்தது தையல்காரர்கிட்ட பேசறது பண்ணேன், ரொம்ப உபயோகமா இருக்கும்.' கடைசியில் ஒரு சிரிக்கும் முகம். இரண்டு தடவை படித்தாள். தான் ஏதாவது ஒரு வார்த்தையை விட்டுவிட்டோமோ என்று சந்தேகம். விடவில்லை. மன்னிப்பு மாதிரி எதுவும் அதில் இல்லை.

அப்போது அழுத்தினாள். நிச்சயமாக நீக்க வேண்டுமா என்று அது ஒரு தடவை கேட்டது. ஆமாம் என்றாள். பச்சைக் கோடு போனது. மிச்சம் இருந்தது இரண்டு பாடத்தோடு நின்றுபோன கொஞ்சம் பெயர்கள்.

ஞாயிறு மதியம் வழக்கம்போல மின்விசிறியை நிறுத்தினாள். குக்கர் விசில் ஓயும்வரை காத்திருந்தாள். கட்டணம் கட்டியவர்கள் இன்னும் இருக்கிறார்கள், யாரோ ஒருத்திக்காக நின்றுவிடுவதா என்று தன்னைத் தானே உலுக்கிக்கொண்டு போனுக்கு எதிரே உட்கார்ந்தாள். பால் வாங்கும் பாடம். ஆயிரம் தடவை பேசிய விஷயம். வாயைத் திறந்தாள்.

"தூத்வாலா..." என்று ஆரம்பித்து நிறுத்தினாள். பால்காரர் என்று சொல்ல வேண்டும். "பால்காரர் வந்தா என்னா..." என்னாவா, என்னவா? மறுபடி ஆரம்பித்தாள். "ஜரா" என்று வந்துவிட்டது, நாக்கைக் கடித்துக்கொண்டாள். கொஞ்சமா, கொஞ்சூண்டா, சற்றா? ஒவ்வொரு வார்த்தையும் வாய்க்கு வரும்போதே அந்தக் கூடம் அதைக் கேட்டுச் சிரித்தது. யாரும் கற்றுக்கொடுக்காமல் வாயில் வந்த பேச்சு, அம்மாவோடும் அக்கம்பக்கத்தோடும் பேசிய பேச்சு. அதை அவள் இப்போது வேற்று ஆள் மாதிரி வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். வேர்வை கழுத்தில் ஓடியது. போன் பாட்டுக்குப் பதிவு செய்துகொண்டே இருந்தது, அதில் அவள் மூச்சைத் தவிர எதுவும் இல்லை.

அடுப்படியிலிருந்து டேனியல் கையில் கரண்டியோடு எட்டிப் பார்த்தான். "என்னா ஜெனி, முடிஞ்சுதா? சோறு போடட்டா?"

"பூக் நஹீ ஹை" என்றாள் ஜெனிபர். "பாத் மே காவுங்கி."

டேனியல் அப்படியே நின்றான். ஹிந்தி கலக்காத தமிழை அந்த வீடு கேட்டதில்லை. ஆனால் பசிக்கவில்லை, அப்புறம் சாப்பிடுகிறேன் என்பதை முழுக்க முழுக்க ஹிந்தியில், அந்நியரிடம் சொல்வது போல அவள் அவனிடம் சொன்னதே இல்லை. கல்யாணமான நாளிலிருந்து அவர்கள் சண்டை போட்டதுகூடத் தமிழில்தான்.

"என்கிட்ட எதுக்கு ஹிந்தில பேசற?" என்று கேட்டான்.

ஜெனிபரிடம் பதில் இருந்தது. சொல்ல வாயைத் திறந்தாள். எப்படிச் சொன்னால் சரியாக இருக்கும் என்று யோசித்தாள். பிறகு சொல்லாமலே வாயை மூடிக்கொண்டாள்.